கம்பளிக்குள் ஒரு பச்சைப் பாட்டில்

என் வாய்தான் எனக்கு எதிரி என்று ஊரே சொல்கிறது. ஊர் சொல்வதில் பாதி புளுகுதான், ஆனால் இது உண்மை. நான் இன்பமேரி. பதினோரு வருஷம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் ருசி அறையில் வேலை பார்த்தவள். பதவி என்னவோ 'கப்பு கழுவுகிறவள்'. காலையில் முப்பது வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, தேயிலையை நிறுத்துப் போட்டு, கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, ஆறு நிமிஷம் மூடிவைத்து வடித்து வைப்பேன். பெரிய ஆபீஸர் வந்து கரண்டியில் மொண்டு, ஸ்ர்ர்ர் என்று சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றி, தொட்டியில் துப்பிவிட்டுக் குறிப்பு எழுதுவார். அவர் போனதும் நானும் அதே கோப்பைகளில் உறிஞ்சித் துப்புவேன். ஐந்தே வருஷத்தில் என் நாக்கு அவர் நாக்கைத் தாண்டிவிட்டது. இதை நானே சொல்லக் கூடாதுதான். வேறு யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன்.

கடைசியில் அந்த நாக்குதான் என்னை வெளியே தள்ளியது. புதிதாக வந்த ஆபீஸர் ஒருவர், புகை வாடை அடித்த சரக்கை 'அருமை' என்று எழுதினார். தேயிலை உலர்த்தும் அடுப்பில் ஓட்டை. அதை மேலே சொன்னால் அவர் தலை உருளும் என்று தெரிந்தே எழுதினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், ஒங்க வாய்க்குள்ள இருக்கது நாக்கா, செருப்புத்தோலா?" என்று கேட்டுவிட்டேன்.

மறுநாளே என்னைக் கொழுந்து கிள்ளப் போகச் சொன்னார்கள். கொடுத்த கூடையை ஆபீஸ் வாசலிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா சிசிலி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏட்டி, புகை அடிச்சா அடிச்சிட்டுப் போகுது. நீயா காசு குடுத்து வாங்கிக் குடிக்கப் போற?"

"பொய் எழுதுதாரும்மா."

"ஒலகத்துல எல்லாரும் எழுதுதான். நீ ஒருத்திதான் வாசிக்கே," என்றாள் அம்மா.

அதன் பிறகு மூணாறு பக்கத்துச் சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டில் சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறும் வேலை கிடைத்தது. ஆறு மாதம் தற்காலிகம். அதற்குள் ஒழுங்காக நடந்துகொண்டால் நிரந்தரம், கூடவே தங்க ஒரு குவார்ட்டர்ஸ். எனக்கு வேலையைவிட அந்தக் குவார்ட்டர்ஸ்தான் முக்கியம். அம்மா நவம்பரில் எஸ்டேட்டிலிருந்து ரிட்டயர் ஆகியிருந்தாள். எங்கள் எஸ்டேட்டில் வீட்டில் ஒருவராவது வேலை பார்த்தால்தான் லயத்து வரிசையில் ஒரு வீடு. நான்தான் கூடையை வைத்துவிட்டு வந்தவளாயிற்றே. டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று கடிதம் வந்துவிட்டது. அம்மா பிறந்ததும் என்னைப் பெற்றதும் அந்த ஒற்றை அறையில்தான். இந்த மலையை விட்டால் எங்களுக்கு வேறு ஊர் கிடையாது. அவள் ஒருநாளும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ரிசார்ட்டின் மானேஜர் ஜிபி சாருக்குக் கட்டப்பனைப் பக்கம்; மலையாளம் கலந்துதான் தமிழ் பேசுவார். நல்ல மனுஷன், ஆனால் சரியான பயந்தாங்கொள்ளி. ஐந்து மாதத்தில் இரண்டு தடவை என் வாயால் அவருக்கு வியர்த்திருக்கிறது. 'தோட்டத்திலிருந்து நேராக வந்த தேநீர்' என்று அட்டையில் போட்டிருந்ததைப் பார்த்து ஒரு விருந்தாளி சந்தோஷப்பட்டார். அது போன வருஷத்துப் பாக்கெட் என்று நான் சொல்லிவிட்டேன். இன்னொரு தடவை, புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி எங்கள் 'தனி அருவி' முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. அது மேலே இருக்கிற தொட்டி நிரம்பி வழிகிற தண்ணீர் என்று சொன்னேன். கேட்டதால்தானே சொன்னேன்!

"இன்பமேரி, மதி. போதும்," என்றார் ஜிபி சார். "ரெண்டு வாரம் களிஞ்ஞு வர்ற திங்களாழ்ச்ச உன்ற பேப்பர் மொதலாளிக்குப் போகும். அது வரைக்கும் வாய்க்கு ஒரு பூட்டு, கேட்டோ?"

பூட்டு போட்டுக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துத்தான் சாக்கே வந்தது.

சாக்கே என்றால் ஜப்பான்காரர்கள் அரிசியில் காய்ச்சி எடுக்கும் மது என்று நான் நினைத்திருந்தேன். காய்ச்சுவதில்லையாம், அரிசியை நொதிக்க வைத்துப் பிழிவதாம். ஹமாதா மேடம் என்று ஒரு ஜப்பான் அம்மாள் ஊர் ஊராகப் போய் அதை ருசி பார்க்கக் கற்றுக்கொடுப்பவர். எங்கள் ரிசார்ட்டில் ஒரு சனிக்கிழமை மாலை பதினெட்டு விருந்தாளிகளுக்கு அவர் ஆறு விதமான சாக்கே ருசி காட்டப் போகிறார் என்று ஏற்பாடு. மேடத்துக்கு உதவிக்கு யாரைப் போடுவது என்று பார்த்தார்கள். ருசி அறையில் இருந்தவள் என்று என் பெயர் வந்தது. இது நல்லபடியாக முடிந்தால் திங்கட்கிழமை கவலையில்லை என்று ஜிபி சாரே சொன்னார்.

பாட்டில்கள் பத்து நாள் முன்னதாகவே தெர்மாகோல் பெட்டியில் வந்துவிட்டன. எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லி மேடம் தகவல் அனுப்பியிருந்தார். பாரில் வேலை பார்க்கும் மாரீஸ்வரன் அப்படியே அடுக்கி வைத்தான். அன்று சாயங்காலம் மேடம் போனில் கூப்பிட்டார். எட்டு வருஷம் சென்னையில் குடியிருந்தவராம். வீட்டு வேலைக்கு வந்த அம்மாளிடமும் காய்கறி வண்டிக்காரரிடமும் தமிழ் பழகியிருக்கிறார்.

"இன்னாமா, பாட்டில் ஒடையாம வந்துச்சா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வந்துருச்சு மேடம்."

"பச்ச பாட்டில் ஒண்ணு கீது, பாரு. மத்தது எல்லாம் தூங்குது. அது மட்டும் உயிரோட கீது. அதுக்கோசரம் ஒரு வருஷம் கெஞ்சுனேன். பத்ரமா பாத்துக்கோ."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தேன். பச்சைப் பாட்டில் கடைசித் தட்டில் சில்லென்று நின்றுகொண்டிருந்தது. எனக்குப் பகீரென்றது.

ஏன் என்று சொல்கிறேன். டிசம்பரில் எங்கள் மலையில் இட்லி மாவு பொங்காது. அரைத்து வைத்தால் மறுநாள் காலையிலும் வைத்தபடியே, செத்த மாதிரி கிடக்கும். அதனால் லயத்தில் எல்லா வீட்டிலும் மாவுச் சட்டியைக் கம்பளியில் சுற்றி அடுப்புப் பக்கம் படுக்க வைப்போம். பிள்ளை பெற்ற வீட்டில் பிள்ளையைப் பார்ப்பதுபோல எழுந்து எழுந்து பார்ப்போம். அரிசியில் ஆனது, உள்ளே உயிர் இருக்கிறது, அதைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜில் வைத்தால் என்ன ஆகும்? எடுத்தேன். செக்யூரிட்டி ரூமில் கிடந்த பழைய கம்பளியில் சுற்றினேன். வெந்நீர் பாய்லர் இருக்கும் அறையில் சுவரோரம் வைத்தேன்.

மாரீஸ்வரன் பின்னாலேயே வந்தான்.

"அக்கா, மேடம் ஃப்ரிட்ஜுலன்னுல்ல சொல்லிருக்காங்க?"

"அது பொதுவாச் சொன்னது. இது உயிருள்ளது. குளுருல செத்துரும்டா."

"ஜப்பான்லயும் குளுருமேக்கா."

"நீ மாவு அரைச்சிருக்கியா? இல்லேல்ல? பொத்திக்கிட்டுப் போ," என்றேன்.

ஒன்பது நாள் தினமும் காலையில் போய்க் கம்பளியைத் தொட்டுப் பார்த்தேன். இதமான சூடு. எனக்கு என் மேல் அவ்வளவு பெருமை. மேடம் வருகிற வெள்ளிக்கிழமை காலையில் எடுத்து, குடிக்கிற பக்குவத்துக்குக் குளிரட்டும் என்று மறுபடி ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

மேடம் மத்தியானம் வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும், குள்ளமாக, பெரிய கண்ணாடி. மூணாறிலிருந்து ஜீப்பில் தலையை வெளியே நீட்டி மூடுபனியைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். இறங்கும்போதே ஆறு தும்மல். இருந்தாலும் உட்காராமல் எனக்குப் பாடம் எடுத்தார். விருந்தாளிகளுக்கென்று கொண்டுவந்திருந்த வெள்ளைக் கோப்பைகளில் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். அதன் அடியில் இரண்டு நீல வளையங்கள் இருந்தன.

"இதுல ஊத்தி மேல இருந்து பாக்கணும். வளையம் சுத்தமா தெரிஞ்சா பானம் சுத்தம். அப்பால மூக்கு. அப்பால காத்தோட சேத்து உறியணும். எப்டின்னா..."

"இப்டியா மேடம்?" என்று கோப்பையில் தண்ணீர் ஊற்றி ஸ்ர்ர்ர் என்று ஒரு உறிஞ்சு உறிஞ்சினேன். பதினோரு வருஷத்துச் சத்தம் அது. துப்பினேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எங்க கத்துக்கின?"

"டீ ஃபேக்டரில மேடம். ஆனா ஒண்ணு. நான் குடிக்க மாட்டேன். துப்பிருவேன்."

இதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா குடித்தே போய்ச் சேர்ந்தார். பதினைந்து வயதில், பங்குக் கோயிலின் மதுவிலக்கு சபையில், சாகும்வரை ஒரு சொட்டு குடிக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவள் நான். அதனால் இந்த வேலையை ஒத்துக்கொள்ளும் முன் சாமியாரிடம் போய்க் கேட்டேன். "துப்புனா குடியில்லம்மா. ஆனா சரியாத் துப்பு," என்றார் அவர்.

சனிக்கிழமை மேடத்துக்குச் சளி முற்றிவிட்டது. மூன்று மணிக்குப் பாட்டில்களைத் திறக்க உட்கார்ந்தோம். அவர் முதல் கோப்பையை மூக்குப் பக்கம் கொண்டுபோனார், இழுத்தார், கீழே வைத்துவிட்டார்.

"ஒண்ணும் வரல. மூக்கு செத்துச்சு. நாக்கும் மரம் மாதிரி கீது." குறிப்பு எழுதும் அட்டைகளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். "இன்னிக்கு எனக்கு மூக்கு நீதான். நீ சொல்லு, நான் எழுதிக்கிறேன். நீ சொல்றத்ததான் அவங்களுக்குச் சொல்லப் போறேன்."

பதினோரு வருஷத்தில் என்னிடம் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு ஆரம்பித்தேன்.

முதலாவது தாய்கிஞ்சோ. அரிசியைத் தீட்டித் தீட்டிப் பாதிக்கும் கீழே ஆக்கிச் செய்வதாம். அவ்வளவு அரிசியையும் வீணடித்து என்ன கண்டார்கள் என்று மனதுக்குள் வைதுகொண்டே மோந்தேன். வைததைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். காந்தலூர் ஆப்பிளை அறுத்த உடனே வருகிற வாசம். நாக்கில் பட்டதும் தெரியாமல் போய்விட்டது. இரண்டாவது ஜுன்மாய், அரிசியும் தண்ணீரும் நொதியும் மட்டும். சோறு கொதிக்கும்போது மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த ஆவி. மூன்றாவது கிமோட்டோ, பழைய முறையில் மெதுவாகப் புளிக்க வைத்தது. அதை மட்டும் வெதுவெதுப்பாக்கச் சொன்னார். தயிர்ப் புளிப்பும் மழைக்கு மறுநாள் முளைக்கிற காட்டுக்காளான் மணமும் அடித்தது. இது சாப்பாட்டோடு நிற்கும் என்று சொன்னேன், மேடம் மேசையைத் தட்டினார்.

நான்காவது நிகோரி, பாதி வடிகட்டியது, பால் மாதிரி கலங்கல். மாரீஸ்வரன் எட்டிப் பார்த்து, "இது நம்ம கள்ளுல்லக்கா?" என்றான். கள்ளு இல்லை, வெல்லம் கரைத்த நீராகாரம் என்றேன். ஐந்தாவது கோஷு, பன்னிரண்டு வருஷம் பழசு. ஊற்றியதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நல்ல தேயிலைச் சாற்றின் அதே நிறம்! கருப்பட்டி, உலர்ந்த திராட்சை, கடைசியில் ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோரின் கதவைத் திறந்த வாசம். அதைத் துப்ப மனசே வரவில்லை. சாமியாரை நினைத்துக்கொண்டு துப்பினேன்.

மேடம் எழுதிக்கொண்டே இருந்தார். "உயிரோட இருக்கறத்த தொற," என்றார்.

பச்சைப் பாட்டிலைத் திறந்து ஊற்றினேன். அடியில் இருந்த நீல வளையம் மங்கலாகத் தெரிந்தது. விளிம்பு கரைந்த மாதிரி. மோந்தேன். புளித்த மோரில் நனைத்துக் காயாமல் மடித்து வைத்த கம்பளி நாற்றம். வாயில் விட்டேன். கொழகொழவென்று ஒரு புளிப்பு, பின்னாலேயே கசப்பு. கெட்டுவிட்டது. கெட்டதும் எதனால் கெட்டது என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. பொங்கட்டும் என்று சூடு காட்டி, நானே அதைக் கொன்றிருந்தேன்.

"எப்டி கீது?" என்றார் மேடம்.

என் கண் முன்னால் அம்மா வந்தாள். டிசம்பர் முப்பத்தொன்று வந்தது. சாவி வந்தது.

"நல்லாருக்கு மேடம்."

"எப்டி நல்லா?"

உயிருள்ள சாக்கே எப்படி இருக்க வேண்டும் என்று முந்தின நாள் அவரே சொல்லியிருந்தார். அதையே திருப்பிச் சொன்னேன். "பச்சப்புல்லு மாதிரி. புதுசா, துள்ளலா."

மேடம் சந்தோஷமாக எழுதிக்கொண்டார். பக்கத்தில் கோப்பை துடைத்துக்கொண்டிருந்த மாரீஸ்வரன் என் முகத்தையும் பாட்டிலையும் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. மேடம் முகம் கழுவப் போனதும் மெதுவாகச் சொன்னான்: "அக்கா, நான் வாயத் தொறக்க மாட்டேன். குடிக்கிறவனுக்கு என்ன தெரியப் போகுது."

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

நான்கு மணிக்குக் கண்ணாடி வராந்தாவில் விருந்தாளிகள் வந்து உட்கார்ந்தார்கள். கீழே ஆனையிறங்கல் அணைத் தண்ணீரில் வெயில் பட்டுக்கொண்டிருந்தது. மேடம் அட்டையைப் பார்த்து நான் சொன்னதையெல்லாம் சொன்னார். காந்தலூர் ஆப்பிள் என்றதும் எல்லோரும் மோந்து மோந்து பார்த்துத் தலையாட்டினார்கள். காளானுக்குக் கை தட்டினார்கள். கோஷுவுக்கு ஒரு எர்ணாகுளத்து வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டு, "என்றெ தெய்வமே," என்றார். ஜிபி சார் தூணோரம் நின்று என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். இன்னும் ஒரே ஒரு கோப்பை தாண்டிவிட்டால் வீடு.

ஆறாவதை ஊற்றினேன். பதினெட்டுக் கோப்பையிலும் வளையம் மங்கல். ஒருவர்கூடக் குனிந்து பார்க்கவில்லை. "இது உயிரோட இருக்கற சாக்கே. பச்சப்புல்லு வாசம், துள்ளல்," என்றார் மேடம். அவர் என் வார்த்தையை நம்பிச் சொன்னார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கோயமுத்தூர் மில்காரர் ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தொடையைத் தட்டினார்.

"அருமைங்க! ஆறுலயும் இதுதானுங்க அருமை!"

அந்த வார்த்தையைக் கேட்டதும் புகை வாடைக் கோப்பையும் அந்த ஆபீஸரும் என் முன்னால் வந்து நின்றார்கள். அன்றைக்கு நான் கேட்ட கேள்வி இப்போது என் பக்கம் திரும்பியிருந்தது. இன்பமேரி, உன் வாயில் இருப்பது நாக்கா, செருப்புத்தோலா?

"அருமை இல்லீங்க சார்," என்றேன். "கெட்டுப்போச்சு. யாரும் குடிக்காதீங்க."

தூக்கிய கோப்பைகள் அப்படியே நின்றன. ஜிபி சார் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"நாந்தான் கெடுத்தேன். மேடம் ஃப்ரிட்ஜுல வெக்கச் சொன்னாங்க. உயிருள்ளதாச்சே, குளுருல செத்துரும்னு நான் எடுத்துக் கம்பளில சுத்தி பாய்லர் பக்கத்துல வெச்சேன். ஒம்பது நாளு. நாங்க இட்லி மாவ அப்டித்தான் வெப்போம்." கையில் இருந்த பாட்டிலை மேசைமேல் வைத்தேன். "மூணு மணிக்கே எனக்குத் தெரியும். மேடத்துக்கு மூக்கு அடைச்சிருக்கு. என்னய நம்பிக் கேட்டாங்க. நல்லாருக்குன்னு பொய் சொல்லிட்டேன். அவுங்க மேல தப்பில்ல."

மேடம் ஒரு கோப்பையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வளையத்தைப் பார்த்தார்.

"ஏன் பொய் சொன்ன?"

"வீடு மேடம். திங்கக்கெழம எனக்கு வேலை கெடைக்கலன்னா எங்கம்மாவுக்கு வீடு இல்ல."

அவர் முகம் சிவந்துவிட்டது. கோபம்தான். ஒரு வருஷம் கெஞ்சி வாங்கிய பாட்டிலாயிற்றே, கோபம் வராமல் என்ன செய்யும்? அடுத்து என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை, பதினெட்டுப் பேரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்தது ருசி அறை வழக்கம் ஒன்றுதான்.

"மேடம், எங்க ஃபேக்டரில கெட்ட கோப்பைய உடனே கொட்ட மாட்டாங்க. நல்ல கோப்பைக்குப் பக்கத்துல வெச்சு ரெண்டையும் பாப்போம். அப்பத்தான் அடுத்த தடவ நாக்கு ஏமாறாது. வேணும்னா எல்லாரும் பாக்கட்டும். ஆனா துப்பிறணும்."

மேடம் முதலாவது பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

தாய்கிஞ்சோவையும் கெட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வளையம் எப்படிக் கூர்மையாகத் தெரிகிறது, எப்படி மங்குகிறது என்று காட்டினேன். பிறகு உறிஞ்சிக் காட்டினேன். துப்புவதற்கு என்ன செய்வது என்று பார்த்தால், மாரீஸ்வரன் அதற்குள் ஐஸ் வாளிகளைக் காலி செய்து மேசைக்கு ஒன்றாக வைத்துவிட்டான். வக்கீலம்மாதான் முதலில் உறிஞ்சினார். பின்னாலேயே மற்றவர்கள். பதினெட்டுப் பெரிய மனுஷர்கள் ஸ்ர்ர்ர் என்று உறிஞ்சி, கன்னத்தை உப்பி, வாளியில் துப்புகிறார்கள். கால்மணி நேரம் அந்த வராந்தா என் பழைய ருசி அறை மாதிரியே சத்தம் போட்டது. கோயமுத்தூர்க்காரர் நல்லதை ஒரு தடவை, கெட்டதை ஒரு தடவை என்று நான்கு முறை மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு வாயை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

"அட ஆமாங்க! கம்பளி நாறுதுங்க! இதைப் போயி நான் அருமைன்னு சொன்னனே!" விழுந்து விழுந்து சிரித்தார். ஜிபி சார் பக்கம் திரும்பினார். "ஏனுங்க மானேஜர், இந்தம்மா உங்களுக்குப் பர்மனென்ட்டுங்களா? இல்லீன்னா சொல்லுங்க, நான் கூட்டிட்டுப் போறன்."

ஜிபி சார் தூணை விட்டு நிமிர்ந்தார். "பின்னே! பர்மனென்ட்டாணு சார். எங்கட சொந்தம் டேஸ்டர்."

பச்சைப் பொய். எனக்கு வாய் தானாகத் திறந்தது. ஜிபி சார் அந்தக் கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிடாத குறை. அன்று வாயில் விட்ட அத்தனையையும் துப்பியவள், அந்த ஒன்றை மட்டும் விழுங்கினேன்.

மேடம் அன்று இரவுச் சாப்பாட்டுக்கும் என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகு கூப்பிட்டார். நீல வளையக் கோப்பை ஒன்றை என் கையில் வைத்தார்.

"கோவம் போகல," என்றார்.

"தெரியும் மேடம்."

"மார்ச்சுல வரேன். எட்டு பாட்டில். எல்லாம் ஃப்ரிட்ஜு. நீதான் ருசி பாக்கணும்."

"சரி மேடம்."

"கம்பளி எடுத்த, கொன்னுடுவேன்," என்று சொல்லிவிட்டு ஒரு தும்மல் தும்மினார்.

திங்கட்கிழமை ஜிபி சார் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் காகிதம் தயாராக இருந்தது. "ஞான் ஆள்க்கார் முன்னால பொய் சொல்லிட்டேன். இனி அதை நெஜமாக்காம முடியுமோ? ஒப்பு போடு. ஒண்ணும் பேசாத," என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. கையெழுத்து மட்டும் போட்டேன்.

குவார்ட்டர்ஸ் ஒன்றுதான் காலியாக இருந்தது, பாய்லர் அறைக்கு அடுத்த சுவர். அம்மா வந்ததும் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். டிசம்பரில் சூடாக இருக்கிற சுவரை அவள் ஆயுளில் பார்த்ததில்லை. முதல் நாளே மாவு அரைத்தாள், வழக்கம்போலக் கம்பளியில் சுற்றினாள், சுவரோரம் வைத்தாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். காலையில் எழுந்தால் மாவு சட்டியை விட்டு இறங்கி வாசல் வரை போயிருந்தது. மிச்சத்தை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். பல் கூசியது.

"இட்லிக்கு ஆகாதும்மா. புளிச்சிருச்சு."

"தோசை சுட்டா ஒருத்தருக்கும் தெரியாது. நீ வாய மூடிட்டு இரி," என்றாள்.

தோசை வார்க்கிற நேரம் பார்த்து ஜிபி சார் வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தார். அம்மா அவரை உட்கார வைத்து இரண்டு தோசை போட்டாள். அவர் ஒரு வாய் வைத்தார். கண் ஒரு நொடி சுருங்கியது.

"அருமை, அம்மச்சி," என்றார்.

அம்மா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள்.

"புளிச்சிருக்கு சார்," என்றேன்.

"அது எனிக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு, இன்னொரு தோசை கேட்டார்.